சிரிப்பை மூடிக்கொண்ட கரடி

மலையடிவாரக் காட்டில் பொம்மி என்று ஒரு கரடி இருந்தாள். அவளுடைய சிரிப்பு அந்தக் காடு முழுவதும் பிரசித்தம்.

உதட்டோரம் சிரிக்கிற சிரிப்பில்லை அது. தலையை அண்ணாந்து, வாயை அகலத் திறந்து, வயிறு குலுங்கச் சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாதவர்கள்கூடச் சேர்ந்து சிரிப்பார்கள்.

காட்டின் நடுவே ஒரு சுனை இருந்தது. சுனைக்கரையில் ஒரு பெரிய பாறை. வெயில் தாழ்ந்ததும் மிருகங்கள் தண்ணீர் குடிக்க அங்கே வரும். குடித்துவிட்டு உடனே திரும்பாமல், பாறையைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசும். கதை சொல்வது சடைச்சி என்ற மந்தி. பொம்மிக்கு அவள்தான் உயிர்த்தோழி.

"நேத்து நம்ம காட்டுப்பன்னி என்ன பண்ணுச்சு தெரியுமா?" என்று சடைச்சி ஆரம்பிப்பாள். "தன் நிழலைப் பார்த்துத் தானே பயந்து, பின்பக்கமா நடந்து போய்ச் சேத்துல உட்கார்ந்துடுச்சு!"

சொல்லிவிட்டு முதலில் பொம்மியைத்தான் பார்ப்பாள். பொம்மி சிரித்துவிட்டால் போதும். காட்டுப்பன்றி உட்பட எல்லோரும் சிரித்துவிடுவார்கள்.

"நீ சிரிச்சாத்தான்டி எனக்கு அடுத்த கதையே வருது!" என்பாள் சடைச்சி. அப்படியே பொம்மியின் தோள்மேல் ஏறி உட்கார்ந்து, ரோமத்தை விலக்கி உண்ணி பொறுக்குவாள். அந்த நேரத்தில் பொம்மிக்குக் கண் சொக்கிவிடும்.

பொம்மிக்குத் தேன் என்றால் போதும், வேறு எதுவும் வேண்டாம். அடையோடு வாயில் போட்டுக் குதப்புவாள். இலுப்பை பூக்கும் காலத்தில் மரத்தடியிலேயே கிடப்பாள். உதிர்ந்த பூவை வாய்நிறைய அள்ளித் தின்றுவிட்டு, கடைசி வாய் கன்னத்தில் இருக்கும்போதே தூங்கிப்போவாள். வாயைக் கொப்பளிப்பது, பல்லைத் துலக்குவது எல்லாம் அவளுக்குப் பழக்கமே இல்லை.

சடைச்சி தினமும் காலையில் ஒரு குச்சியை ஒடித்து மென்று துப்புவாள். மான்கள் நார்ப்புல்லை மென்றன. முயல் மரப்பட்டையைக் கொறித்தது.

"நீயும் ஒரு குச்சியை மெல்லேன்டி," என்றாள் சடைச்சி ஒருமுறை.

"சீ! கசக்கும்! வாயில இருக்கிற தேன் ருசி போயிடும்!"

சடைச்சி அதற்குமேல் சொல்லவில்லை.

பொம்மியின் முன்பக்கத்துக் கோரைப்பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. புள்ளி பள்ளமாயிற்று. பள்ளத்தில் குத்தல் எடுத்தது. குத்தும்போதெல்லாம் பொம்மி இன்னும் கொஞ்சம் தேனை அதன்மேல் அப்பிக்கொண்டாள். அந்த நேரத்துக்கு இதமாக இருந்தது.

பிறகு ஒருநாள் ஒரு விளாம்பழத்தை வாயில் வைத்து ஓட்டைக் கடித்தாள். மடாரென்று சத்தம் கேட்டது. உடைந்தது ஓடு இல்லை, பல்!

பாதிப் பல் போய்விட்டது. மீதிப் பாதி கறுத்துப்போன கட்டையாக ஈறில் நின்றது. கொஞ்ச நாளில் வலி அடங்கியது. வலி இல்லாததால் பொம்மி அதை மறந்துவிட்டாள். ஆனால் கட்டைக்கு அடியில் ஈறு அழுகிக்கொண்டிருந்தது. அவள் வாயிலிருந்து ஒரு கெட்ட வாடை கிளம்பியது. அது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் சடைச்சி தோளில் ஏறவில்லை.

"ஏன்டி, இன்னிக்கு உண்ணி பொறுக்கலையா?"

"கை வலிக்குதுடி."

மறுநாள் கேட்டபோது வயிறு சரியில்லை என்றாள். அதற்கடுத்து, குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றாள். இதுவரை பொம்மியின் பக்கத்தில் படுத்து அசைபோட்ட புள்ளிமான்கள், "இந்தப் பக்கம் காத்தே வரலை" என்று சொல்லிக்கொண்டு பாறையின் அந்தப் பக்கம் போய்விட்டன. முயல் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பொம்மி சிரிக்க வாயைத் திறந்தால் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

யாரும் அவளிடம் முகம் சுளிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் மிகவும் மரியாதையாக விலகிப்போனார்கள்.

அப்புறம் ஒருநாள் பொம்மி சுனைக்கு வந்தபோது பாறையைச் சுற்றி யாருமே இல்லை.

'நாம்தான் சீக்கிரம் வந்துவிட்டோம்' என்று நினைத்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். சடைச்சிக்கு இடம்விட்டுக் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள். வெயில் பாறையைவிட்டு இறங்கியது. தவளைகள் கத்தத் தொடங்கின. ஒருவரும் வரவில்லை.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். ஒரு தட்டாம்பூச்சி தண்ணீரைத் தொட்டுவிட்டுப் பாறைமேல் வந்து உட்கார்ந்தது.

"வா, வா! நல்லா இருக்கியா?" என்றாள் பொம்மி ஆசையாக.

தட்டாம்பூச்சி பறந்துவிட்டது.

அப்போதுதான் மேட்டுக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பொம்மி எழுந்து மேடேறிப் போய்ப் பார்த்தாள். அங்கே ஒரு குட்டை இருந்தது. குட்டையைச் சுற்றி மான்கள், முயல், காட்டுப்பன்றி என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சடைச்சி கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொம்மியின் தலை தெரிந்ததும் சிரிப்பு பட்டென்று நின்றது.

"அடடே, பொம்மியா! வா, வா!" என்று சொல்லிக்கொண்டே ஒரு மான் பின்னால் போயிற்று.

"இங்கேதான் கூடுறீங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"சும்மா... இன்னிக்கு மட்டும்தான்..."

குட்டையைச் சுற்றிப் புல் நன்றாக மடங்கிப் படிந்திருந்தது. ஒரே நாளில் உட்கார்ந்து படிந்த புல் இல்லை அது. பொம்மிக்கு அது புரிந்தது.

"சடைச்சி, கதையை எங்கே விட்டே? மேலே சொல்லு."

"முடிஞ்சுபோச்சுடி. நேரமாச்சு. குழந்தை அழுவான்."

சடைச்சி மரத்தில் தாவிப் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். சடைச்சி உட்கார்ந்திருந்த இடத்தில் புல் இன்னும் சூடாக இருந்தது. பொம்மி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அந்தச் சூடு ஆறும்வரை அங்கேயே இருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கும் போகவில்லை. பாறைச் சரிவில் இருந்த தன் குகையிலேயே கிடந்தாள்.

"யாராவது இருக்கீங்களா?" என்று சில சமயம் குகைக்குள் பார்த்துக் கேட்பாள்.

"இருக்கீங்களா?" என்று குகை திருப்பிக் கேட்கும்.

என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். தேனையெல்லாம் தானே தின்றுவிடுவதால் கோபமோ? ஓர் அடையைப் பிய்த்துக்கொண்டு போய் முயல் வளையின் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். முயல் தேன் தின்னாது. எறும்புதான் வந்து மொய்த்தது. நாம் ரொம்பச் சத்தமாகச் சிரிக்கிறோமோ? சிரிப்பே வராத நாட்களில் அதைக் குறைப்பது எப்படி?

கடைசியில் ஒருநாள் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது, சுனையில் தன் முகத்தைப் பார்த்தாள். உதட்டைத் தூக்கினாள். பல்வரிசையின் நடுவே கறுப்புக் கட்டை ஒன்று நின்றது.

"இதுதானா!" என்றாள் பொம்மி. "நான் அசிங்கமாயிட்டேன். அதனாலதான் யாருக்கும் என்னைப் பிடிக்கலை."

அன்றிலிருந்து அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டே திரிந்தாள். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் கையை எடுத்தாள்.

மினுக்கன் என்ற நரி இதைக் கவனித்தான். அவன் வளை பள்ளத்தில் இருந்தது. மழை வந்தால் உள்ளே தண்ணீர் ஏறிவிடும். பொம்மியின் குகைமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். ஒரு காலையில் அவன் குகை வாசலுக்கு வந்து, காற்று வீசும் பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டான். மூக்கின் இரண்டு துளையிலும் இலையைச் சுருட்டிச் செருகியிருந்தான்.

"பொம்மி அக்கா! ஏன் இப்படி வாயைப் பொத்திக்கிட்டு இருக்கே?"

"மூக்கில என்ன, மினுக்கா?"

"சளி, அக்கா! பெரிய சளி!" என்றான் நரி. "அது கிடக்கட்டும். உன் கஷ்டம் எனக்குத் தெரியும். பல்லு! அந்த ஒத்தைப் பல்லு! அழகில்லாதவங்க பக்கத்துல யாரு வந்து உட்காருவா, சொல்லு?"

பொம்மியின் கண் கலங்கியது. ஆனாலும் தன்னிடம் ஒருவன் வந்து பேசுகிறானே என்று இருந்தது. அவள் அவனுக்கு நன்றாக இடம்விட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"நான் உனக்குப் புதுப் பல்லு வச்சுவிடறேன், அக்கா! வெள்ளை வெளேர்னு!"

"பழசைப் பிடுங்கணுமா? வலிக்குமே!"

"பழசைத் தொடவே மாட்டேன்! மேலே அப்படியே மூடிடுவேன். உள்ளே என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியப்போகுது?"

"பதிலுக்கு உனக்கு என்ன வேணும்?"

நரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மழைக்காலம் வருது. இந்தக் குகையை எனக்குக் கொடுத்தா..."

பொம்மி குகையைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் வந்து எவ்வளவோ நாளாகிவிட்ட குகை. இருந்தால் என்ன, போனால் என்ன?

"எடுத்துக்கோ," என்றாள்.

நரி ஆற்று மணலிலிருந்து ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கிவந்தான். கல்லில் தேய்த்துக் கூராக்கினான். தேன்மெழுகையும் மரப்பிசினையும் குழைத்து, கறுப்புக் கட்டையின்மேல் பூசி, கிளிஞ்சலை அதில் அழுத்தி ஒட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, தூரப் போய் நின்று மூச்சு வாங்கினான்.

"இப்போ போய்த் தண்ணியில பாரு, அக்கா!"

பொம்மி பார்த்தாள். வெள்ளைப் பல் ஒன்று பளபளவென்று மின்னியது. அன்று பகல் முழுவதும் அவள் சுனையைவிட்டு நகரவில்லை. கொஞ்சமாகச் சிரித்துப் பார்த்தாள். பாதி சிரித்துப் பார்த்தாள். முழுவதும் சிரித்துப் பார்த்தாள். சாயங்காலம் ஆனதும் மேட்டைத் தாண்டிக் குட்டைக்குப் போனாள்.

"என்னைப் பாருங்க!" என்று வாயைத் திறந்து காட்டினாள்.

"ஆஹா! முத்து மாதிரி இருக்கே!" என்றது மான்.

"ரொம்ப எடுப்பா இருக்கு!" என்றது காட்டுப்பன்றி.

ஆனால் மெழுகுக்கு அடியில் அழுகல் வெளியேற வழியில்லாமல் இன்னும் மோசமாகியிருந்தது. பொம்மி ஒரு பக்கம் உட்கார்ந்ததும், கூட்டம் முழுவதும் மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்தது. முயல் புதருக்குள் போய்விட்டது. பொம்மிக்கு ஒன்றும் புரியவில்லை. பல்தான் அழகாகிவிட்டதே! இன்னும் ஏன்?

'நாம் போதுமான அளவு சிரிக்கவில்லை போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டாள்.

சடைச்சி தயங்கித் தயங்கி ஒரு கதை சொன்னாள். அதில் சிரிப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் பொம்மி தலையை அண்ணாந்து, முன்பு சிரித்ததைவிட மும்மடங்கு சத்தமாகச் சிரித்தாள்.

டொப்!

கிளிஞ்சல் பிய்த்துக்கொண்டு பறந்துபோய்க் காட்டுப்பன்றியின் மூக்கில் பட்டு, குட்டையில் விழுந்து முழுகியது.

பிறகு யாரோ களுக்கென்றார்கள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வர, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சடைச்சியும் சிரித்துவிட்டாள். இத்தனை காலம் பொம்மியோடு சேர்ந்து சிரித்த சிரிப்புத்தான் அது. இன்றைக்குப் பொம்மியைப் பார்த்துச் சிரித்தது.

பொம்மி வாயை மூடிக்கொண்டாள். எழுந்து மேடேறி நடந்தாள். பின்னால் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. அவள் திரும்பவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. குகை இப்போது நரியுடையது. பொம்மி காட்டின் ஓரத்தில் ஓர் ஆலமரத்தடியில் ஒதுங்கினாள். இலைகளின் வழியே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவளுடைய கன்னம் வீங்கி ஒரு கண்ணையே மறைத்தது. எதையும் மெல்ல முடியவில்லை. ஒருமுறை ஆசைப்பட்டுத் தேனை நாக்கில் வைத்தாள். பல்லில் பட்டதும் உச்சந்தலைவரை சுரீரென்றது. பட்டினியாகவே கிடந்தாள்.

அந்த ஆலமரத்தின் வேருக்கடியில் முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தான். அவன் எந்தக் கூட்டத்துக்கும் போகிறவன் இல்லை. மழை கொஞ்சம் விட்டதும் வளையிலிருந்து தலையை நீட்டினான்.

"உஷ்! என்ன நாத்தம்!" என்றான்.

"எங்கே?" என்று பொம்மி சுற்றிலும் பார்த்தாள்.

"எங்கேயா? உன் வாயில! எலி செத்துக் கிடக்கிற மாதிரி நாறுது!"

பொம்மி இரண்டு காலில் எழுந்து நின்றாள். ஒரே அடியில் அவனை நசுக்கிவிடுவதுபோலக் கையை ஓங்கினாள். முள்ளாண்டியின் முட்கள் சடசடவென்று நிமிர்ந்தன. ஆனால் அவன் உள்ளே ஓடவில்லை.

"அடிக்கறதுன்னா அடி! உனக்கும் குத்தும். ஆனா நான் சொன்னது பொய்யா?"

பொம்மியின் ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அதனாலதானா?" என்றாள் மெல்ல.

"எது?"

"யாரும் என் பக்கத்துல உட்காராதது."

"வேற எதனால?"

"என் பல்லு அசிங்கமா இருக்குன்னு நினைச்சேனே!"

"இந்தக் காட்டுல அழகைப் பார்த்தா உட்கார்றாங்க? காட்டுப்பன்னி பக்கத்துல எத்தனை பேர் உட்கார்றாங்க! நாத்தம் தாங்கலை, அவ்வளவுதான்!"

பொம்மி கையை இறக்கினாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"யாரும் சொல்லலையே," என்றாள்.

"சொன்னா நீ வருத்தப்படுவேன்னு இருந்திருப்பாங்க."

"சொல்லாததால நான் வருத்தப்படாமலா இருந்தேன்?"

முள்ளாண்டி வளையிலிருந்து முழுவதுமாக வெளியே வந்தான்.

"என் பக்கத்துலயும் யாரும் உட்கார மாட்டாங்க," என்றான் முள்ளாண்டி. "ஆனா எனக்குக் காரணம் தெரியும். முதுகைத் திரும்பிப் பார்த்தாலே போதும். உனக்கு அதுகூடத் தெரியாம இருந்திருக்கே, பாவம்!"

"இப்போ நான் என்ன பண்றது?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா அழுகின பழத்தைக் கூடையில வச்சுக்கிட்டு மூடி போட்டா என்ன ஆகும்? தூக்கி வெளியே எறியணும்."

"பிடுங்கணுமா!"

"என்னால முடியாது. எனக்கு விரல் இல்லை. விரல் இருக்கிறவங்க யாரையாவது கேளு."

விரல் இருக்கிறவள் சடைச்சி ஒருத்திதான். அவளும் அன்றைக்குச் சிரித்தாளே! பொம்மி அன்று போகவில்லை. மறுநாள் வீக்கம் காதுவரை ஏறியபோதுதான் எழுந்தாள். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே சடைச்சியின் மரத்தடிக்குப் போய் நின்றாள்.

"சடைச்சி!"

மேலே இலைகள் அசைந்தன. குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு சடைச்சி எட்டிப் பார்த்தாள்.

"சடைச்சி, என் வாய் நாறுதா?"

"ஆமாம்டி," என்றாள் சடைச்சி.

"எப்போலேர்ந்து?"

"இலுப்பை பூத்ததுலேர்ந்து."

"ஏன்டி எங்கிட்டே சொல்லலே?"

"சொன்னா நீ சிரிக்கிறதை நிறுத்திடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"நிறுத்திட்டேனே!" என்றாள் பொம்மி.

சடைச்சியின் முகம் சுருங்கியது. குழந்தையைக் கிளைப்பொந்தில் வைத்துவிட்டு மளமளவென்று கீழே இறங்கி வந்தாள். வாடை குப்பென்று அடித்தது. இந்தத் தடவை அவள் மூக்கைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இதைப் பிடுங்கிவிடுறியா?" என்று பொம்மி கேட்டாள்.

சடைச்சி அந்த வாயைப் பார்த்தாள். சுற்றிலும் இருந்த மற்றப் பற்களையும் பார்த்தாள்.

"வலி தாங்காம நீ வாயை மூடிட்டா என் கை போயிடுமேடி!"

இரண்டு பேரும் ஆலமரத்தடிக்கு வந்தார்கள். முள்ளாண்டி ஒரு தடித்த கிளையைக் கொறித்துத் துண்டாக்கித் தந்தான். பொம்மியின் கடைவாய்க்கு நடுவே அதை முட்டுக் கொடுத்தார்கள். வாய் இனிமேல் மூடாது. சடைச்சி ஒரு மெல்லிய கொடியை எடுத்துக்கொண்டு, கையை உள்ளே விட்டாள். ஈறோடு ஈறாக விரலை அழுத்தி, கட்டையைச் சுற்றிக் கொடியை வளைத்து முடிச்சுப் போட்டாள்.

முடிச்சை இறுக்கும்போது பொம்மிக்கு உயிரே போய்விடும்போல வலித்தது. உடம்பு தூக்கிப்போட்டது. படாரென்று முட்டுக்கட்டை இரண்டாக முறிந்தது!

சடைச்சியின் கை இன்னும் வாய்க்குள் இருந்தது.

பொம்மியின் தாடைகள் நடுங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக ஓடியது. தொண்டையிலிருந்து ஓர் அலறல் கிளம்பி ஆலமரத்துக் காக்கைகளையெல்லாம் கலைத்தது. ஆனால் வாயை அவள் மூடவே இல்லை.

சடைச்சி கையை வெளியே எடுத்தாள். எடுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அவள் கொடியின் மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். கிளைமேல் ஏறினாள்.

"பொம்மி, பிடிச்சுக்கோடி!" என்று கத்திக்கொண்டு கிளையின் மறுபக்கம் குதித்தாள்.

கட்டை வேரோடு வந்தது. கூடவே சீழும் இரத்தமுமாகக் கொட்டியது. பொம்மி மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதாள். அழுது முடித்தபோது, எவ்வளவோ நாளாக இருந்த ஒரு பாரம் கன்னத்தில் இல்லை என்பது தெரிந்தது.

மான்கள் நக்குகிற உப்பு மண்ணைச் சடைச்சி அள்ளிவந்து, தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்துக் கொடுத்தாள். பொம்மி தினமும் காலையிலும் மாலையிலும் அதை வாயில் ஊற்றிக் கொப்பளித்தாள். ஆலம்விழுதைக் கடித்து நசுக்கி மற்றப் பற்களைத் தேய்த்தாள். துவர்த்தது. முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டாள்.

"இன்னும் நாறுதா?" என்று முள்ளாண்டியைக் கேட்பாள்.

"நாறுது! தேய்!" என்பான் அவன்.

கொஞ்ச நாள் கழித்துக் கேட்டபோது, "லேசா," என்றான். அப்புறம் ஒரு காலையில், அவள் கேட்கும்முன்பே, "பூனைக்காஞ்சொறி பூத்திருக்கு போல, வாசம் வருது," என்றான். அந்தப் பூவுக்கு வாசமே கிடையாது. அவனுக்கு நல்லவிதமாகச் சொல்லிப் பழக்கமில்லை என்று பொம்மி புரிந்துகொண்டாள்.

வீக்கம் வற்றி, பலம் திரும்பியதும் அவள் நேராகக் குகைக்குப் போனாள். மினுக்கன் வாசலில் படுத்திருந்தான்.

"நீ வச்ச பல்லு குட்டையில கிடக்கு. போய் எடுத்துக்கோ," என்றாள். "என் குகையை எனக்குக் கொடு."

"அக்கா! பேச்சுன்னா பேச்சு! நான் அழகாத்தானே வச்சேன்!"

பொம்மி உதட்டைத் தூக்கி, சுத்தமாக இருந்த தன் மற்றப் பற்களை ஒரு முறை காட்டினாள். நரி அதற்குமேல் வழக்குப் பேசவில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் ஓடிவிட்டான்.

உடைந்த பல் திரும்ப முளைக்கவில்லை. அந்த இடம் ஓர் இடைவெளியாகவே நின்றுவிட்டது. மிருகங்களும் ஒரே நாளில் பொம்மியிடம் திரும்பிவிடவில்லை. அவள் குட்டைக்குப் போனபோது மான்கள் பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கமே உட்கார்ந்தன. வாடை இல்லை என்று தெரிந்த பிறகும், முன்பு செய்ததை நினைத்து வெட்கப்பட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தன. பொம்மியும் வாயைத் திறக்கப் பயந்துகொண்டு, உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முள்ளாண்டி இருந்தான். முள் படாதபடி ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தான். கூட்டத்துக்கு அவன் வருவது அதுதான் முதல் தடவை.

சடைச்சி கதை சொன்னாள். காட்டுப்பன்றி, நிழல், சேறு. சொல்லி முடித்துப் பொம்மியைப் பார்த்தாள்.

பொம்மி சிரிக்கவில்லை.

"சடைச்சி," என்றாள். "உனக்குக் கோபம் வந்தாலும் சரி. இந்தக் கதையை நீ எத்தனையோ தடவை சொல்லிட்டே. கொஞ்சம்கூட நல்லா இல்லை!"

கூட்டம் திகைத்துப்போயிற்று. சடைச்சியின் வாய் அப்படியே திறந்து நின்றது.

"நான் எப்பவோ சொல்லணும்னு இருந்தேன்," என்றது காட்டுப்பன்றி. "அது நிழலே இல்லை. அது எங்க மாமனார்!"

பொம்மியின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தலையை அண்ணாந்து, வாயை அகலத் திறந்து சிரித்தாள். பல் இல்லாத இடைவெளி வழியாக ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு விசில் சத்தம் வந்தது. அதைக் கேட்டு முயல் உருண்டு புரண்டது. பொம்மிக்கே தன் விசிலைக் கேட்டு இன்னும் சிரிப்பு வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

சடைச்சி ஓடிவந்து அவள் தோளில் ஏறிக்கொண்டாள்.

"நாளைக்குப் புதுக்கதை சொல்றேன்டி!" என்றாள், அவள் காதைப் பிடித்துத் திருகி.

வாயைத் தினமும் சுத்தமாக வைத்துக்கொள்ளாமல் கெட்டதை மேலே பூசி மறைத்தால் அது உள்ளே வளரத்தான் செய்யும். அதை நம் முகத்துக்கு நேரே சொல்கிறவரே நமக்கு வேண்டியவர்.